துப்பாக்கிக்குப் பொரி

"காலியாங்கய்யா?"

"காலிதான் பாய்."

"பாத்தது யாரு?"

"அம்பத்தஞ்சு வருஷமா காலியாத்தான் கிடக்கு."

"வருஷத்தைக் கேக்கலீங்க. பாத்தது யாருன்னு கேட்டேன்."

ராஜகோபாலனுக்கு எழுபத்து நான்கு வயது. பழைய வேட்டியில் சுற்றி மேசைமேல் கிடத்தியிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். விஜயம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஆறரைக்கு வாடகைக் காரில் ஏறியது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம். அதற்கப்புறம் நாகப்பட்டினம் வரைக்கும் டிரைவர் பஞ்சநதம் தன் மாமியாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இப்போது உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"யாரும் பாக்கலைன்னா உள்ள தோட்டா இருக்குன்னுதான் வச்சுக்கணும்" என்றார் ஜெகபர் அலி. துப்பாக்கி விற்கவும் பழுது பார்க்கவும் உரிமம் உள்ளவர். கடை என்று தனியாக இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, கம்பிக் கதவு, இரும்பு அலமாரி, சுவரோரம் நான்கடுக்கு மணல் மூட்டை. துப்பாக்கியின் வாயை அந்த மூட்டைகளின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேட்டியைப் பிரித்தார்.

பிரித்தவர் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார்.

"என்ன பாய், நல்ல சரக்குதானே?" என்றார் ராஜகோபாலன். "சீமைத் துப்பாக்கி. எங்கப்பா கோடியக்கரைப் பக்கம் வேட்டைக்குக் கொண்டு போனது."

"சரக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். மேல என்னங்க இது, அபிஷேகம் பண்ணின மாதிரி?"

தோளில் வைக்கும் மரக்கட்டையிலிருந்து குழல் வரைக்கும் சந்தனம் காய்ந்து ஓடுபோல் ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம், குங்குமத்தின்மேல் அடுத்த வருஷத்துச் சந்தனம், அதன்மேல் மறுபடி குங்குமம்.

"ஆயுத பூஜை" என்றாள் விஜயம்.

"ஓ" என்றார் ஜெகபர் அலி.

தோட்டா போடுவதற்காகப் பின்னால் இழுக்கும் தாழ் அசையவில்லை. அவர் அதை போல்ட் என்றார். எண்ணெய் விட்டு, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். திறந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்ததை நம்பாமல் சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினார். "இப்பதாங்க காலி" என்று சொல்லிவிட்டு, திறந்த இடத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை மடித்து வைத்து அதன்மேல் டார்ச்சைச் சாய்த்தார். முன்பக்கம் போய்க் குழலின் வாயில் கண்ணை வைத்தார்.

"வெளிச்சம் தெரியணும். காசு மாதிரி வட்டமா, வெள்ளையா. ஒண்ணும் தெரியல."

"பழசுல்ல, மங்கியிருக்கும்."

"மங்கல்லீங்க. அடைச்சிருக்கு."

நீளமான பித்தளைக் கம்பியைப் பின்னாலிருந்து விட்டுத் தள்ளினார். பாதியில் நின்றது. எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மறுபடி தள்ளினார். மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாளில் முதலில் மஞ்சளாக ஒரு கட்டி விழுந்தது. அப்புறம் கறுப்பாக ஒரு பிசின். அப்புறம் உதிரி உதிரியாக என்னவோ.

ஜெகபர் அலி ஒன்றை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா, இது பொரியா?"

விஜயத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "பொரிதான் பாய்."

"துப்பாக்கிக்கு யாரு பொரி போட்டது?"

ராஜகோபாலன் நிமிர்ந்தார். "அது எங்க குடும்ப வழக்கம். பூஜை அன்னைக்கு அரிவாளுக்கு, மண்வெட்டிக்கு, பம்ப்செட்டுக்கு எல்லாம் பொரி வைப்போம்ல? துப்பாக்கிக்கு வாய் இருக்கு. அதனால அதுக்கு ஊட்டி விடறது. மூணு சிட்டிகை பொரி, கொஞ்சம் நாட்டுச் சக்கரை. எறும்பு போகாம வாயைச் சந்தனத்தால மூடிடணும். மறுநாள் விஜயதசமி காலையில தட்டிக் கொட்டிடறது."

"கொட்டிடுமா?"

"கொட்டும்."

"எல்லாம் கொட்டியிருந்தா நான் இப்ப எதைத் தள்ளிக்கிட்டு இருக்கேன்?"

"ஊட்டினது நான்தான் பாய்" என்றாள் விஜயம். "கல்யாணமாகி வந்த வருஷத்துலேருந்து. நாப்பத்தோரு வருஷம்."

ஜெகபர் அலி அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கறுத்த பிசினைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தார். "சக்கரை இரும்புக்கு ஆகாதும்மா. ஈரத்தை இழுத்துக்கிட்டே கிடக்கும். சுனாமி அன்னைக்கு இந்த ரூம்ல பதினோரு துப்பாக்கி கடத்தண்ணி குடிச்சுது. அதுல ஒம்போதைக் காப்பாத்தினேன். உங்க சக்கரையைப் பாத்தா கடலே தேவலைன்னு தோணுது."

அதற்குள் ஜெகபர் அலியின் மனைவி சைத்தூன் பீவி வாசலில் வந்து நின்றார். "ஐயா, டீ ஆறுது. இந்த எண்ணெய் நாத்தத்துல எதுக்கு நிக்கிறீங்க, முன்னால வந்து ஃபேனடியில உக்காருங்க." ராஜகோபாலன் போனார். கதவு நிலையைக் கையால் தடவிக்கொண்டுதான் போனார். இரண்டு வருஷத்துக்கு முன்பு கண் அழுத்தத்தில் இடது கண் போய்விட்டது. வலது கண் அறுவை செய்தது. நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. நாலு வேளையும் விஜயத்தின் போனில் அலாரம் அடிக்கும்.

அவர் போகும்வரை காத்திருந்து விஜயம் சொன்னாள்: "பாய், ஒரு உதவி. இது சுடறதுக்கு லாயக்கில்லைன்னு சொல்லிடுங்களேன்."

"இன்னும் பாத்தே முடியலையேம்மா."

"பாருங்க. பாத்துட்டு அதையே சொல்லுங்க."

"சுடலேன்னா என்ன? எடுத்துட்டுப் போயி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாமே. எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?"

எதற்கு என்று எங்கிருந்து ஆரம்பிப்பது? மாமனார் போனபின் உரிமம் கணவர் பேருக்கு மாறிய நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிவு வந்தபின் திரும்ப வாங்கி வர வேண்டும். பார்லிமெண்டு, சட்டசபை, பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும். ஆட்டோவில் அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் வேட்டி சுற்றிய துப்பாக்கி. "என்னம்மா, பையனை ஹாஸ்டல்ல விட வந்தீங்களா?" என்று ஒரு ஏட்டு கேட்டார். பெங்களூரில் இருக்கும் உண்மையான பையன் வெங்கியோ, "எனக்கு வேண்டவே வேண்டாம்மா. எங்க அபார்ட்மெண்ட்ல நாய் வளக்கவே அனுமதி இல்ல" என்றுவிட்டான். உரிமம் டிசம்பரோடு முடிகிறது. இனிமேல் புதுப்பிக்க அலைய முடியாது என்று அவள் சொன்னபோது, ராஜகோபாலன் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சரி, கொடுத்துடறேன். ஒரு தடவை சுட்டுட்டுக் கொடுத்துடறேன். விஜயதசமி அன்னைக்கு. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

"அவர் இதை ஒரு தடவைகூடச் சுட்டதில்ல பாய்" என்றாள். "மாமனார் சுடுவார். இவர் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போவார். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்றது வேற. அதை விடுங்க. தஞ்சாவூர்ல ரைஃபிள் கிளப்புல கேட்டோம். உங்களை மாதிரி ஒருத்தர் சுடலாம்னு எழுதிக் கொடுத்தா அவங்க இடத்துல, அவங்க மேற்பார்வையில சுடலாம்னுட்டாங்க. அதான் வந்தோம். அவருக்கு இருக்கிறது ஒரு கண்ணு. அந்தக் கண்ணை இதுல எங்க வச்சுப் பாப்பார், காட்டுங்க."

ஜெகபர் அலி கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்துக் காட்டினார். கண்ணுக்கும் போல்ட்டுக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை.

"இது வெடிச்சா?"

"முன்னால அடைப்பு இருந்தா குழல் வெடிக்கும். போல்ட் மூடற பூட்டு சரியில்லேன்னா பின்னால அடிக்கும். பின்னால அடிச்சா..." அவர் துப்பாக்கியை இறக்கிக்கொண்டார்.

"அதான் சொல்றேன். இல்லைன்னு எழுதிடுங்க."

"இல்லைன்னா இல்லைன்னு எழுதுவேம்மா. சரியா இருந்துட்டு இல்லைன்னு எழுத மாட்டேன். இன்னைக்கு உங்களுக்கு ஒரு பொய் எழுதினா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து ஓட்டைத் துப்பாக்கிக்குச் சுடலாம்னு எழுதச் சொல்வார். ரெண்டுக்கும் ஒரே பேனாதான்."

டீ டம்ளரோடு வந்த சைத்தூன் பீவி கேட்டுக்கொண்டிருந்தார். "அவருகிட்ட இந்த வேலை நடக்காதும்மா. நிக்காஹ் முடிஞ்சு முதல்ல பேசினதே, உன் மூக்கு கொஞ்சம் பெருசுதான்னு. முப்பத்தாறு வருஷமாச்சு. இன்னும் மாத்திச் சொல்லல."

"பெருசுதானே" என்றார் ஜெகபர் அலி, குழலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

துப்பாக்கியை அங்கேயே விட்டு, ரசீது எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பழைய டப்பாவில் இருந்த ஏழு தோட்டாக்களும் பச்சை பூத்திருந்தன. "இதை இனிமே தொடாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று ஜெகபர் அலி வாங்கி வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது விரலை நீட்டிச் சொன்னார்: "ஐயா, அம்மா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. சரியாயிருந்து நான் திருப்பிக் கொடுத்தேன்னா, இந்த வருஷம் பூஜைக்குத் தண்ணி கிடையாது, சந்தனம் கிடையாது. வாய்க்குள்ள ஒண்ணும் போகக்கூடாது. கும்பிட்டுக்குங்க, அவ்ளோதான்."

"சரி பாய்" என்றாள் விஜயம்.

"சரி சரி" என்றார் ராஜகோபாலன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. விஜயம் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தாள்.

"அம்மா, எல்லாம் பாத்தாச்சு. குழல் உள்ள அங்கங்க புள்ளி புள்ளியாத் தின்னுருக்கு. ஆழமில்ல. வீக்கம் இல்ல, விரிசல் இல்ல. பூட்டு எவ்ளோ தேய்ஞ்சிருக்குன்னு பாக்க ஒரு அளவுக் கட்டை இருக்கு. அதை உள்ள வச்சா போல்ட் மூடக்கூடாது. மூடல. கட்டையில கழுத்துக்கிட்ட ஒரு கீறல், ஒட்டிட்டேன். விசையைத் தொடாம தரையில தட்டிப் பாத்தேன், சுடற ஊசி தானா விழல."

"அப்ப..."

"இருங்க. இவ்ளோ பாத்தும் நான் தோள்ல வச்சுச் சுட மாட்டேன். ஆயுதப்படை மைதானத்துல அனுமதி வாங்கி, லாரி டயர்ல கட்டி, முப்பதடி கயிறு போட்டு, சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து இழுத்தேன். புதுத் தோட்டா. மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் வெத்துத் தோட்டாவை எடுத்துப் பாத்தேன், கிழிசல் இல்ல. சுடலாம்மா."

விஜயம் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நல்ல சேதிதான்மா சொன்னேன்" என்றார் ஜெகபர் அலி மறுமுனையில்.

"தெரியுது பாய்."

"நாளைக்குத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். வந்து எடுத்துக்குங்க."

புதன்கிழமை ஆயுத பூஜை. விடியற்காலையில் எழுந்து கூடத்தைக் கழுவி, மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், தையல் மெஷின், மிக்ஸி, பழைய ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, பம்ப்செட்டுக்குப் போய் மாலை போட்டுத் திரும்புவதற்குள் விஜயத்துக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. துப்பாக்கியைத் தனியாக ஒரு பலகையில் கிடத்தினாள். ஜெகபர் அலி தேய்த்துத் தேய்த்து இரும்பின் நிறத்தை வரவழைத்திருந்தார். நாற்பத்தோரு வருஷத்தில் அதற்கு அப்படி ஒரு கறுநீலம் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. கட்டையின் அடியில், மரத்தில் மட்டும், ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

"இவ்ளோதானா?" என்றார் ராஜகோபாலன்.

"பாய் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துது, விழுந்துது."

கற்பூரம் காட்டினாள். பொரி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கை வைத்தாள். துப்பாக்கிக்கு முன்னால் ஓர் இலைத் துண்டில் வைத்தாள். வாய்க்கு ஒரு முழம் தள்ளி. அவருக்கு மத்தியானச் சொட்டு மருந்தைப் போட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று படுத்தவள், அடுத்த வேளை அலாரம் அடித்தபோதுதான் எழுந்தாள். ராஜகோபாலன் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தூங்கலையா நீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் தஞ்சாவூருக்கு வெளியே அந்த ரைஃபிள் கிளப்பில் இருந்தார்கள். சுடும் மேடைக்குத் தகரக் கூரை. எதிரே மண்மேடு, அதற்கு முன்னால் காகித இலக்கு. பின்பக்கம் சம்பா நட்ட வயல். பஞ்சநதம் காரிலேயே இருந்துவிட்டார். "வெடிச் சத்தம்னா எனக்கு ஆகாதுங்க. தீபாவளிக்கே மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன்."

அங்கே பொறுப்பில் இருந்தவள் ஈஸ்வரி. முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் ஒரு விசில். ஜெகபர் அலி எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தாள். "பாய் எழுதினதா? அப்ப நம்பலாம்" என்றாள். போல்ட்டைத் திறந்து உள்ளே பார்த்தாள். "காலி." மேசைமேல் மணல் பைகளை அடுக்கி, துப்பாக்கியை அதன்மேல் வைத்து, ராஜகோபாலனை நாற்காலியில் உட்கார வைத்தாள். சத்தத்தை அடக்கக் காதுக்கு மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு மூடி கொடுத்தாள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி கொடுத்தாள்.

"கை நடுங்குதேங்கய்யா."

"அது எப்பவும் நடுங்கறதுதான். நீ தோட்டாவைக் கொடு."

"கொடுக்கிறேன். கன்னத்தை இங்க சாய்ங்க. மூச்சை விட்டுட்டு மெதுவா அழுத்துங்க. நான் சொன்னப்புறம்தான்."

கண்ணாடி மாட்டுவதற்கு முன் ராஜகோபாலன் கண்ணைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கைக்குட்டையோடு ஏதோ உதிர்ந்து மேசைமேல் விழுந்தது. வெள்ளையாக, லேசாக. காற்றில் ஒன்று உருண்டு விஜயத்தின் பக்கம் வந்தது.

பொரி.

வீடு முழுக்க நேற்றுப் பொரிதான். சட்டைப் பையில் இருப்பதில் அதிசயமில்லை. இருந்தாலும் விஜயம் அவர் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்துக்கடியில் மஞ்சளாக ஒரு கோடு காய்ந்திருந்தது.

ஈஸ்வரி தோட்டா டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் நில்லும்மா" என்றாள் விஜயம்.

"என்னம்மா?"

"இதைப் பாத்தது யாரு?"

"நான்தான் பாத்தேன். காலி."

"பின்னால பாத்தே. முன்னால?"

"அதான் பாய் எழுதிக் கொடுத்திருக்காரே..."

"பாய் எழுதினது சனிக்கிழமை. ஆயுத பூஜை நேத்து."

ஈஸ்வரிக்குப் புரியவில்லை. ராஜகோபாலனுக்குப் புரிந்துவிட்டது. அவர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்து, மேற்கொண்டு மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, ஊட்டினீங்களா?"

அவர் கைக்குட்டையைப் பையில் திணித்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"காலையில தட்டிட்டேன் விஜயம். மூணு தடவை தட்டினேன். கொட்டுச்சு."

"எல்லாம் கொட்டுச்சா?"

"கொட்டுச்சுன்னுதான்..."

"சந்தனம் வச்சீங்களா?"

"எறும்பு போகுமேன்னு கொஞ்சமா..."

ஈஸ்வரி தோட்டாவை டப்பாவிலேயே போட்டு மூடினாள். மூலையில் சாத்தியிருந்த நீளக் கம்பியை எடுத்து வந்து போல்ட்டைக் கழற்றிப் பின்னாலிருந்து விட்டாள். முக்கால் பாகம் போய் நின்றது. அழுத்தினாள். மேசைமேல் ஒரு சந்தன உருண்டை விழுந்தது, பாதி காய்ந்து பாதி ஈரமாக. அதற்குப் பின்னால் ஏழெட்டுப் பொரி, சர்க்கரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"இதோட சுட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கம்பியை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதிக்குக் குடித்தாள்.

விஜயத்துக்குக் கோபம் வரும் என்று மூன்று பேருமே எதிர்பார்த்தார்கள், அவள் உட்பட. கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாய் அவ்ளோ தூரம் சொன்னாரே. மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"பின்ன?"

ராஜகோபாலன் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடைசி வருஷம். அடுத்த பூஜைக்கு அது நம்மகிட்ட இல்ல. பட்டினியா அனுப்பச் சொல்றியா?"

நாற்பத்தோரு வருஷம் அவளே கை நிறையச் சந்தனம் உருட்டி அந்த வாயை அடைத்திருக்கிறாள். அத்தனை வருஷத்தில் எந்த விஜயதசமிக்காவது இவர் சுட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பியிருந்தால், கேட்க ஜெகபர் அலியும் இல்லை, கம்பியும் இல்லை.

"ஐயா, இன்னைக்கு வேண்டாமே" என்றாள் ஈஸ்வரி. "இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

ராஜகோபாலன் ஈஸ்வரியைப் பார்க்கவில்லை. கழுத்தை முழுசாகத் திருப்பி, இருக்கிற கண்ணால் விஜயத்தைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்றால் எழுந்து விடுவார். அது அவளுக்குத் தெரிந்தது. பத்து நாளைக்கு முன் நாகப்பட்டினத்தில் அவள் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத வார்த்தை, இப்போது அவள் வாயிலேயே இருந்தது. யாரும் மறுக்க மாட்டார்கள். மேசைமேல் சாட்சிக்குச் சந்தன உருண்டைகூட இருக்கிறது.

ஆனால் அடைப்பு வெளியே வந்துவிட்டது. இனிமேல் லாயக்கில்லை என்று சொன்னால் அது ஜெகபர் அலி எழுத மாட்டேன் என்ற பொய்தான்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஈரம் இருக்கும். துணி விட்டு நல்லா இழும்மா."

ஈஸ்வரி கம்பி நுனியில் துணி சுற்றி இழுத்தாள். முதல் துணி மஞ்சளாக வந்தது. இரண்டாவது பழுப்பு. ஐந்தாவது துணி போட்டபடியே வெள்ளையாக வந்தது.

"பின்னால வெள்ளைக் காயிதம் வை. அதுமேல வெளிச்சம் அடி."

வைத்தாள். விஜயம் முன்பக்கம் போய்க் குனிந்தாள். நாற்பத்தோரு வருஷம் விரலால் மட்டுமே தெரிந்த அந்த வாயில் முதல் தடவையாகக் கண்ணை வைத்தாள். உள்ளே வரி வரியாகச் சுற்றிக்கொண்டு போன இரும்பு, இங்கொன்றும் அங்கொன்றுமாய் அவள் சர்க்கரை தின்ற புள்ளிகள், அதற்கப்பால் காசு மாதிரி ஒரு வட்டம். வெள்ளையாக. அவசரப்படாமல் பார்த்தாள். ஈஸ்வரியையும் பார்க்கச் சொன்னாள்.

"தெரியுதா?" என்றார் ராஜகோபாலன்.

"தெரியுது."

"பாத்தது யாரு?"

"நான்தான். திரும்பி உக்காருங்க."

போல்ட்டை மாட்டி, தோட்டாவை ஈஸ்வரியே போட்டாள். ராஜகோபாலன் கன்னத்தைச் சாய்த்தார். விஜயம் அவருக்குப் பின்னால் நான்கு தப்படி தள்ளி, ஈஸ்வரி காட்டிய கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மூடவில்லை. அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதில் மாட்டியிருந்ததையும் மீறிச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. வயலில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பி, கொஞ்சம் தள்ளி மறுபடி இறங்கின. காகித இலக்கு அப்படியே இருந்தது. அதற்கு வெகு தூரம் இடப்பக்கம் மண்மேட்டில் தூசி எழுந்து அடங்கியது.

ஈஸ்வரி துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைத் திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். விரலை விட்டுத் தடவினாள். முன்னாலும் போய்ப் பார்த்தாள். "காலி" என்றாள்.

ராஜகோபாலன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விஜயம் கிட்டே போய் அவர் காதிலிருந்ததைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்து தண்ணீராய் இருந்தது. தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

"எங்கப்பா சுடுவார். அப்ப வேற மாதிரி இருந்துது."

"அப்ப நீங்க பையைத் தூக்கிக்கிட்டு நின்னீங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்தாளா என்று கேட்பதுபோல இருந்தது. பிறகு தலையை ஆட்டினார். "கனமான பை" என்றார்.

"அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிடலாமா?"

"போலாம். பஞ்சநதத்தைக் கூப்பிடு."

ஈஸ்வரி துப்பாக்கியை வேட்டியில் சுற்ற ஆரம்பித்தாள். கைப்பையில் போன் அலாரம் அடித்தது. ஒன்பது மணிச் சொட்டு. விஜயம் மருந்துக் குப்பியைத் தேடி எடுத்து, மூடியைப் பல்லால் திருகி, ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். குழலைப் பிடித்த கையில் இன்னும் எண்ணெய் நாற்றம். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க" என்றாள்.